நியாயம் சொன்ன ஆறு

பட்டாபிராம் ஸ்டேஷன் வாசலில் அவரை நிறுத்தி, சென்ட்ரலுக்குப் போகும் வண்டி போய்விட்டதா என்று கேட்டால், "பொகைய பாத்தேன்" என்பார்.

"வண்டி?"

"வண்டிய பாக்கல சார். நான் வரசொல்ல பொகதான் இருந்துது."

புகை இருந்தால் வண்டி போயிருக்க வேண்டும் என்ற முடிவுக்குக் கேட்டவர்தான் வந்து சேர வேண்டும். அந்த வேலையை அவர் யாருக்காகவும் செய்து கொடுத்ததில்லை. கண்ணால் கண்டது ஒரு பக்கம், மற்றதெல்லாம் ஒரு பக்கம் என்று உலகத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். இரண்டாவது பக்கத்தைப் பற்றிப் பேசுவது தம்முடைய அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்பது அவருடைய கொள்கை. கொள்கை என்றுகூடச் சொல்லக்கூடாது. சிலருக்கு இடது கை வாகு இருப்பதுபோல, அது அவருக்கு இயல்பாக இருந்தது.

கரையான்சாவடியில் அவருக்குச் சாட்சி என்று பெயர். இளையவர்கள் சாட்சி அண்ணாத்தே என்பார்கள். சொந்தப் பெயரை ஊரே பயன்படுத்தாமல் விட்டுவிட்டதால் நானும் இங்கே விட்டுவிடுகிறேன்.

போர் முடிந்துவிட்டது, சுதந்திரம் இன்னும் வந்து சேரவில்லை. அப்படிப்பட்ட இடைக்காலம் அது. பி.ஏ. முடித்த நான் சர்க்கார் வேலைக்கு மனுப் போடாமல், கரையான்சாவடிக் கடைவீதியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து வாசகசாலை நடத்திக்கொண்டிருந்தேன். மாலையில் பத்திரிகையை உரக்கப் படிப்பேன். பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களுக்கும் திரும்பாதவர்களின் வீட்டாருக்கும் மனுக்கள் எழுதிக் கொடுப்பேன். எந்தச் செயலையும் அதனால் யாருக்கு என்ன விளையும் என்று நிறுத்துப் பார்த்துச் செய்ய வேண்டும் என்பது அந்த வயதில் என் நம்பிக்கை. அவரிடம் அந்தத் தராசே இல்லை. அதனால்தான் அவர்மேல் எனக்கு அவ்வளவு ஈர்ப்பு ஏற்பட்டதோ என்னவோ.

அவர் பூவிருந்தவல்லிப் பக்கத்து வேளாண் குடும்பத்தில் பிறந்தவர். பட்டாளத்தில் பாலம் கட்டுகிற, பாதை போடுகிற பிரிவில் சேர்ந்து, கடைசியாகக் கிரேக்க நாடு வரைக்கும் போய்த் திரும்பியிருந்தார். திரும்பிய பிறகு, பட்டாபிராமில் ராணுவச் சரக்கு வண்டிகள் வந்து நிற்கும் தனிப் பாதையில் அவருக்கு வேலை. வந்த பெட்டிகளை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். முதல் நாளே வம்பு வந்தது.

"கம்பளி வந்து சேர்ந்ததுன்னு போடுய்யா" என்றார் குமாஸ்தா.

"பொட்டிய பாத்தேன். கம்பளிய பாக்கல."

"பெட்டி மேலயே எழுதியிருக்கே!"

"எழுத்தையும் பாத்தேன்."

வெயிலில் வியர்த்து வழிய ஒரு பெட்டியைப் பிரித்துக் காட்டினார் குமாஸ்தா. கம்பளிதான். "இப்பவாவது பாத்தியா?"

"பாத்தேன். மேல கீறது கம்பளி."

ஊரில் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையைப் பற்றி அவரிடம்தான் விசாரிக்க வருவார்கள். அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் அது பத்திரப் பதிவுக்குச் சமம் என்ற எண்ணம். ஒரு தடவை ஒருவர் வந்து, "பையன் கொணம் எப்டி அண்ணாத்தே?" என்று கேட்டார்.

"கொணத்த பாக்கல. சோறு துன்றத பாத்தேன்."

"சரி, எப்டி?"

"நல்லா துன்றாரு."

அந்தச் சம்பந்தம் நடந்தது. பையனும் நல்லவனாகவே இருந்தான். ஆனால் அதை அவர் கடைசிவரை உறுதிசெய்யவில்லை.

அவருடைய மனைவிக்கு இதில் தீராத குறை. "கொழம்பு எப்டி கீதுன்னா, சூடா கீதுன்னுவாரு சார்" என்று என்னிடம் முறையிடுவார். "இத்தினி வருசமா ஒருநாளாச்சும் நல்லா கீதுன்னு அந்த வாயில வந்துதா? துன்னுக்கினே கீறப்போ கூட அவுருக்கு சாட்சி பத்தல!" அவர் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்பார்.

நாளைக்கு வருவீர்களா என்று கேட்டால் 'பாக்கலாம்' என்பதுதான் பதில். நாளையை அவர் இன்னும் பார்க்கவில்லை, அல்லவா? ஆனால் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நிற்பார்.

போரிலிருந்து வந்தவர்கள் வாசகசாலையில் உட்கார்ந்து பீரங்கியையும் விமானத்தையும் பற்றிச் சொல்லும்போது கூட்டம் வாய் பிளந்து கேட்கும். அவர் முறை வந்தால் ஓர் ஆற்றைப் பற்றித்தான் சொல்வார். கிரேக்க நாட்டின் தென்பகுதியில் ஓடும் சின்னஞ்சிறிய ஆறு அது. என் நிலப்பட நூலில் பெயர்கூட இல்லாமல், மயிரிழைபோல ஒரு கோடாக மட்டும் இருந்தது. அதன் பெயர் இனாகோஸ். அங்கே ஆடு மேய்ப்பவர் ஒருவர் சொல்லக் கேட்டு, அவர் அதை இனாக்கு என்று நெஞ்சில் பதித்துக்கொண்டிருந்தார்.

"மேக்கால மல கீது. மொட்ட மல. அங்க பொறந்து, நம்ம கூவம் மாரி நேர் கெழக்கால வராம, தெக்கும் கெழக்குமா எறங்குது. மேல பூரா வெள்ளக் கல்லு, கோழிமுட்ட கணக்கா. மழைக்குத்தான் தண்ணி. கோடைல பாத்தா ஆத்துக்குள்ளயே அரளி பூத்து நிக்குது."

"அரளியா? நம்மூரு அரளியா?"

"அதே அரளிதான். அதே செவப்பு. கரைல ஒரு மரம், ஆமணக்கு எல மாரி எல, ஆனா ஆலமரம் ஒசரம். அப்பால ரெண்டு பக்கமும் தோப்பு. நாவப்பழம் மாரி சின்னதா காய்க்குது. பச்சையா துன்னா கசப்பு. உப்புல ஊறவெச்சி துன்றாங்க. துன்னு பாத்தேன்."

"சண்டைய சொல்லு அண்ணாத்தேன்னா தோப்ப சொல்றான் பாரு!" என்று யாராவது கத்துவார்கள்.

"அப்பால ஒரு மல, மேல கோட்ட. கோட்டைக்குக் கீழ ஊரு. ஊருகிட்ட இன்னொரு வறண்ட ஆறு வந்து சேருது. அப்பால சேறு, நாணலு, கடலு. அலையில்லாத கடலு. ஏரி மாரி."

ஒவ்வொரு தடவையும் அதே வரிசை, அதே சொற்கள். சில மாதங்களில் அந்த ஆறு எங்களுக்குக் கூவத்தைப்போலவே பழகிவிட்டது. ஆனால் பலமுறை கேட்ட பிறகு ஒன்றைக் கவனித்தேன். தோப்புக்கும் கோட்டை மலைக்கும் நடுவில் ஆற்றின் ஒரு பகுதி அவருடைய பேச்சில் இல்லை. தோப்பு வந்ததும் சற்று நிறுத்துவார். துண்டால் முகத்தைத் துடைப்பார். பிறகு கோட்டை மலைக்குத் தாண்டிவிடுவார்.

நகரத்து நூல்நிலையம் ஒன்றில் அந்த ஆற்றின் பெயருக்குரிய புராணத்தைத் தேடிப் படித்துவந்து ஒரு மாலை சொன்னேன். அந்நாட்டுக் கதைகளில் ஆறுகளும் தேவர்கள். அந்த நிலம் யாருக்கு என்று கடல்தேவனுக்கும் தேவர்களின் அரசிக்கும் வழக்கு வந்தது. நியாயம் சொல்ல அமர்ந்தவர்களில் இனாகோஸ் ஒருவன். நிலம் அரசிக்கே உரியது என்று அவன் சொன்னான். கடல்தேவன் கோபங்கொண்டு அவனுடைய தண்ணீரைப் பறித்துவிட்டான். மழை பெய்தாலன்றி இனி உன்னில் நீர் ஓடாது என்பது சாபம்.

"சாட்சிக்காரன் காலுல வுழறதவிட சண்டக்காரன் காலுல வுழலாம்னு அங்கயும் தெரிஞ்சி வெச்சிக்கீறாங்கபா!" என்றார் மளிகைக்கடைக்காரர்.

"அண்ணாத்தே, ஒன் ஆறும் ஒன்ன மாரிதான். உள்ளத சொல்லி காஞ்சி கெடக்குது!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "கத தெரியாது சார். ஆனா வத்தனது மேலாலதான். அடில தண்ணி கீது. அத பாத்தேன்" என்றார்.

இனி பச்சையம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வானகரத்தில் சேரியில் இருந்தவர். அவருடைய மகன் கன்னியப்பன் சாட்சியோடு ஒரே பிரிவில் இருந்து, ஒரே தட்டில் உண்டு, அந்தக் கிரேக்க நாட்டிலேயே இறந்துபோனான். இறந்த செய்தி சர்க்காரிடமிருந்து வந்திருந்தது. எப்படி என்பது அதில் இல்லை. பச்சையம்மாள் கருமாதி செய்ய மறுத்துவிட்டார். "சாவசொல்ல எம்புள்ள வாயில தண்ணி ஊத்தனது யாரு? அது தெரியாம நான் எள்ளுந்தண்ணி வுடமாட்டேன்" என்பது அவருடைய ஒரே பேச்சு. சாகிறவன் வாயில் தண்ணீர் ஊற்றக் கைகள் இல்லாமல் போவதைவிடக் கொடிய சாவு நம் மக்களுக்கு இல்லை. கருமாதி நடக்காத வீட்டில் மங்கல காரியம் நடக்காது. கன்னியப்பனின் தங்கைக்குப் பரிசம் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பொறுத்துப் பார்த்தார்கள். ஆடிக்குள் முடியாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று பங்குனியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சாட்சி ஊர் திரும்பிய அன்றே வானகரம் போயிருக்கிறார். எம்புள்ள எப்படிச் செத்தான் என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறார். "நான் பாக்கலம்மா" என்று சொல்லிவிட்டுக் குனிந்த தலையோடு திரும்பியிருக்கிறார். கூடவே இருந்தவன் பார்க்கவில்லை என்றால் எந்தத் தாய் நம்புவாள்? எதையோ மறைக்கிறான் என்று அந்த அம்மாள் நினைத்தார். கல் நெஞ்சன் என்று ஊர் நினைத்தது.

அந்தப் பெண்ணின் திருமணம் நின்றுபோகும் நிலை வந்தபோது நான் அவரிடம் பேசினேன்.

"ஒரே ஒரு வார்த்தை. கடைசி நேரத்தில தண்ணி கொடுத்தேன்னு சொல்லுங்க. ஒரு தாய்க்கு ஆறுதல், ஒரு பெண்ணுக்கு வாழ்க்கை. இதனால கெட்டுப்போறவங்க யாராவது உண்டா?"

அவர் தலையை அசைத்தார்.

"நீங்க சொன்னா, பெரிய மனசு, ஆறுதலுக்கு சொல்றாருன்னு நெனப்பாங்க. நான் சொன்னா நம்பிடுவாங்க சார். அதான் சொல்ல முடியல."

 ஆனாலும், "ஞாயித்துக்கிழமை என்னோட வானகரம் வாங்க" என்றேன். பாக்கலாம் என்றார். ஞாயிறு காலை எனக்கு முன்பே சாவடி முனையில் நின்றிருந்தார்.

பச்சையம்மாள் வீட்டில் இல்லை. ஆற்றுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். கூவத்தில் அப்போது நீரோட்டம் இல்லை. மணல் வெளுத்துக் கிடந்தது. வெயில் காலத்தில் மணலைத் தோண்டி ஊற்றெடுத்துத்தான் குடிதண்ணீர் மொள்வார்கள். மேல்புறம் ஊருக்கு ஓர் ஊற்று. கூப்பிடு தூரம் தள்ளிக் கீழ்ப்புறம் சேரிக்கு ஓர் ஊற்று. தண்ணீர் மணலுக்கடியில் ஒன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது.

அந்த அம்மாள் கொட்டாங்கச்சியும் பானையுமாகக் கீழ்ப்புற ஊற்றின் விளிம்பில் குந்தியிருந்தார். எங்களைப் பார்த்து எழவில்லை.

"இன்னா நைனா, இன்னிக்கும் பாக்கலன்னு சொல்லத்தான் வந்தியா?"

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஊருக்கெல்லாம் அந்த ஆத்தப்பத்தி சொல்றியாமே. சாவடில கட வெச்சி சொல்றியாமே. எம்புள்ள செத்த ஆறுதான அது? எனக்கு மட்டும் இன்னா வஞ்சன? அவன் செத்தத பாக்கல, சரி. ஆத்த பாத்த இல்ல? அதையாவது சொல்லு."

அவர் ஊற்றுக்கு எதிர்ப்புறம் மணலில் உட்கார்ந்தார். மொட்டை மலையிலிருந்து தொடங்கினார். வெள்ளைக் கல், அரளி, ஆமணக்கு இலை மரம், உப்பில் ஊறும் காய். வாசகசாலையில் சொன்ன அதே வரிசைதான். தோப்பு வந்ததும் நிறுத்தினார்.

"அப்பால?"

"அப்பால கோட்ட மல..."

"நடுவுல இன்னா கீது?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு, இதுவரை எங்களில் யாரும் கேட்டிராத அந்தப் பகுதியைச் சொல்லத் தொடங்கினார்.

"நடுவுல, ஆத்துக்குக் குறுக்கால வண்டிப்பாத. அங்கதான் எங்க லாரி வெடிமேல ஏறிச்சி. எதிரி பொதச்சிட்டுப் போன வெடி. வண்டில இருந்த தண்ணி பீப்பா பொத்துகிச்சி. ட்ரைவரு ஆளுங்கள இட்டார ஊருக்கு ஓடனாரு. நானும் கன்னியப்பனுந்தான் இருந்தோம். அவன அரளிச் செடி நெழலுல படுக்க வெச்சேன். 'தண்ணி'ன்னான். ஆறு வறண்டு கெடந்துது. மேல கொஞ்ச தூரம், கீழ கொஞ்ச தூரம் ஓடி பாத்தேன். இல்ல. அப்பால ஒரு வளைவுல, மணலு கொஞ்சம் கறுப்பா தெரிஞ்சிது. மம்முட்டியால தோண்டனேன். மொழங்கை ஆழத்துல ஊறிச்சி."

பச்சையம்மாளின் கை கொட்டாங்கச்சியோடு நின்றுபோயிருந்தது.

"கலங்கலா ஊறிச்சி. மொத தண்ணிய எறச்சி ஊத்திட்டேன். ரெண்டாந்தண்ணியும் எறச்சேன். தெளியட்டும்னு குந்திகினு இருந்தேன். நம்ம ஆத்துல அப்டித்தான செய்வோம்? தெளிஞ்சப்பறம் சோத்து டப்பாவுல மொண்டுகினு வந்தேன். வந்து பாத்தா, கண்ணு தொறந்திருந்துது. மூச்சு இல்ல. எப்போ போச்சின்னு பாக்கலம்மா. பக்கத்துல யாரும் இல்ல. அந்த மொத தண்ணிய, கலங்கலோட எடுத்துகினு ஓடியிருந்தா..."

நடக்காத ஒன்றைப் பற்றி அவர் பேசத் தொடங்கியதை நான் அதுவரை கேட்டதில்லை. அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

நான் அஞ்சியது நடந்துவிட்டது என்று நினைத்தேன். யாரும் அருகில் இல்லாமல், தண்ணீர் இல்லாமல் செத்தான் என்பதை ஒரு தாய் இனிக் காலமெல்லாம் சுமக்க வேண்டும். அந்த அம்மாள் ஊற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மணல் ஓரத்திலிருந்து சரிந்து உள்ளே விழுந்து, தண்ணீர் கலங்கித் தெளிந்தது.

"கலங்கத் தண்ணிய மனுசனுக்கு யாராச்சும் குடுப்பாங்களா?" என்றார் கடைசியில். "அவன் பொறந்ததுலேர்ந்து ஒருநாளும் நான் குடுத்ததில்ல."

பிறகு, எதையோ பக்கத்து வீட்டுக்காரியிடம் விசாரிப்பதுபோலக் கேட்டார்.

"அந்தத் தண்ணி உப்பா, தித்திப்பா?"

"தெரியாதும்மா."

"இன்னா தெரியாது? நீதான தோண்டன?"

"நான் குடிக்கல."

பச்சையம்மாள் தலையை நிமிர்த்தினார்.

"அன்னிக்குக் காலைலேர்ந்து இன்னா குடிச்ச?"

"ஒண்ணும் இல்ல."

"மொண்டுகினு வந்தியே, அது?"

"அவன் வாயில ஊத்தனேன். உள்ள போவல. மீதிய அவங்கிட்டயே வெச்சிட்டேன்."

அந்த அம்மாளின் முகத்தில் என்ன நிகழ்ந்தது என்று என்னால் சொல்ல முடியாது. எதிரே உட்கார்ந்திருந்தவரைப்போல நானும் கண்டதை மட்டும் சொல்கிறேன். அவர் முந்தானையால் கண்களை அழுத்தித் துடைத்தார். கொட்டாங்கச்சியால் ஊற்றிலிருந்த தண்ணீரை முழுதும் இறைத்து மணலில் கொட்டினார். மறுபடி ஊறியது. அதையும் இறைத்தார். பிறகு கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, தெளிவதற்காகக் காத்திருந்தார். நாங்கள் மூவரும் காத்திருந்தோம். மேல்புற ஊற்றில் ஊர்ப் பெண்கள் மொள்வதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள்.

தெளிந்த தண்ணீரை மொண்டுகொண்டு, கை பாதி வழியில் தயங்க, "குடிப்பியா?" என்று கேட்டார்.

ஊர்க்காரர் சேரி ஊற்றில், சேரிக்காரர் கையால் தண்ணீர் குடிப்பதென்றால் அந்நாளில் என்னவென்று எனக்குத் தெரியும். மாலைக்குள் சாவடிவரை பேச்சு போகும், அவர் மனைவிவரை போகும், பங்காளிகள் கேள்வி கேட்பார்கள் என்று என் மனம் பழக்கப்படி நிறுத்துக்கொண்டிருந்தது. நிறுத்து முடிப்பதற்குள் அவர் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்திவிட்டார்.

பச்சையம்மாள் ஊற்ற ஊற்ற அவர் குடித்தார். வெகுநாளாகக் குடிக்காதவர்போலக் குடித்தார். தண்ணீர் முழங்கைவழியே மணலில் சொட்டியது.

"எப்டி கீது?"

"தித்திப்பா கீதும்மா."

அந்த அம்மாள் பானையை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டார். கரைப்பக்கம் சில அடி நடந்துவிட்டுத் திரும்பி நின்றார்.

"கெழம பாத்து சொல்லி அனுப்பறேன். இங்கதான் எள்ளுந்தண்ணி வுடணும். ஊத்து நீதான் தோண்டணும்."

அவர் வழக்கமாகச் சொல்லும் பதிலை எதிர்பார்த்து நான் அவரைப் பார்த்தேன். அவர் எழுந்து, ஈரக் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"வரேம்மா" என்றார்.